டையை விடு, பில்லட்டைப் பார்

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். அலுமினிய உருளையான பில்லட்டைச் சூடாக்கி, பிரஸ்ஸில் டை என்னும் அச்சு வழியே தள்ளி நீண்ட சட்டமாக எடுக்கிறாயே, அந்தச் செக்‌ஷனின் ஓரம் கிழிந்து கிழிந்து வருகிறது, டையைக் கழற்றித் திருத்தியும் சரியாகவில்லை என்று போனில் சொன்னாய். டையை விடு. அது எந்த லாட்டில், அதாவது எந்தத் தொகுதியில், வார்த்த பில்லட், எத்தனை டிகிரியில் பிரஸ்ஸுக்குள் போனது என்று முதலில் பார். பிரஸ்ஸில் கண்ணுக்குத் தெரிகிற பல கோளாறுகள் வார்ப்பிலேயே பிறந்தவை.

அலுமினியம் என்றதும் எல்லோரும் எடையைத்தான் சொல்வார்கள். உண்மைதான், 7 அங்குல பில்லட் ஒரு மீட்டருக்குச் சுமார் 67 கிலோ, அதே அளவு இரும்பு 195 கிலோ. ஆனால் உன் வேலைக்கு அதைவிடப் பெரிய காரணம் வேறு. 6063 என்னும் அலுமினியக் கலப்பு உலோகம் 450 டிகிரியிலேயே இளகிக் கொடுக்கும். சூட்டைத் தாங்கும் எச்-13 எஃகில் செய்த டை அந்தச் சூட்டில் விறைப்பாகவே நிற்கும். இரும்பை இப்படித் தள்ள வேண்டுமானால் 1,200 டிகிரி வரை ஏற்றி, உராய்வைக் குறைக்கக் கண்ணாடித் தூளும் போட வேண்டும். சதுரக் குழாய் ஓட்டும்போது உலோகம் டைக்குள் பிரிந்து போய், காற்றே படாத அறையில் மறுபடி ஒன்றாக ஒட்டிக்கொள்கிறதே, அது இந்த உலோகம் தருகிற வரம்.

இனி கிழிசலுக்கு வருவோம். பில்லட்டை 460-இல் போட்டாலும் தள்ளும்போது உராய்வில் சூடு ஏறும். டையை விட்டு வெளியே வரும்போது 510 முதல் 540 வரை இருக்கட்டும். 500-க்குக் கீழே போனால் ஏஜிங்கில், அதாவது பிறகு மிதமான சூட்டில் வைத்துக் கடினமாக்கும்போது, கடினம் ஏறாது. மிக அதிகமானால் மெல்லிய ஓரங்கள் கிழியும். ஆகவே பில்லட் சூட்டை 20 டிகிரி குறைத்து, பில்லட்டைத் தள்ளும் ராமின் வேகத்தையும் குறைத்து ஓட்டிப் பார். கிழிசல் நின்றால் சூடுதான் காரணம். நிற்காவிட்டால் அதே டையில் வேறு லாட் பில்லட்டை ஓட்டு. அது சுத்தமாக வந்தால், பழைய லாட்டின் ஹோமோஜெனைசிங் சார்ட்டை, அதாவது வார்த்த பில்லட்டைச் சூட்டில் ஊற வைத்ததன் பதிவை, கேட்டு வாங்கு.

அங்கேதான் பலர் சிக்கனம் பிடிக்கிறார்கள். 570, 580 டிகிரியில் பில்லட் உள்வரை சூடான பிறகு சில மணி நேரம் ஊற வேண்டும். அப்போதுதான் ஊசி ஊசியாக இருக்கும் இரும்புத் துகள்கள் உருண்டையாக மாறும், கடினம் தரும் மெக்னீசியம் சிலிசைடு கரையும். அதன் பிறகு ஃபேன் போட்டு வேகமாகக் குளிர்விக்க வேண்டும். ஃபர்னஸிலேயே ஆற விட்டால் சிலிசைடு தடித்துப் போகும். பிரஸ்ஸில் அந்த இடங்கள் முதலில் உருகிக் கிழியும், மீதி கரையாமல் தங்கிக் கடினத்தையும் குறைக்கும்.

பில்லட்டிலிருந்து ஒரு வில்லை அறுத்துக் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டுப் பார். அதில் தெரிகிற உலோக மணிகள் பெரிதாக இருந்தால், அவற்றைச் சிறிதாக்க வார்ப்பில் சேர்க்கும் டைட்டானியம்-போரான் கம்பி போதவில்லை. உலோகத்தில் எது எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட்டில் இரும்பு 0.35 சதவீதம் வரை அனுமதி உண்டு. மேற்பரப்பில் ஆக்சைடு படலம் ஏற்றி அனோடைஸ் செய்யும் செக்‌ஷனுக்கு 0.20-க்குள் கேள். கொப்புளம் வந்தால் உருகிய உலோகத்தில் ஆர்கான் வாயு விட்டு ஹைட்ரஜனை ஒழுங்காக எடுத்தார்களா என்று விசாரி. பிரஸ்ஸில் பில்லட் இருக்கும் கன்டெய்னரில் காற்று சிக்கினாலும் கொப்புளம் வரும், அதையும் பார். தள்ளி முடித்ததும் பில்லட்டில் மிஞ்சும் கடைசித் துண்டு வீணாகிறதே என்று மெலிசாக்காதே. பில்லட் தோலின் ஆக்சைடு எல்லாம் அங்கேதான் சேர்கிறது, மெலிசாக்கினால் அது செக்‌ஷனுக்குள் புகுந்துவிடும்.

இரண்டு விஷயத்தில் அம்மா பேச்சைத் தட்டாதே. சூடான அலுமினியம் இரும்பு மாதிரிச் சிவக்காது. 480 டிகிரி பில்லட்டும் ஆறிய பில்லட்டும் பார்வைக்கு ஒன்றுதான். தொடாமல் சூட்டைக் காட்டும் இன்ஃப்ராரெட் கன்னையும் நம்பாதே, பளபளப்பான பரப்பில் குறைத்துக் காட்டும். தொட்டு அளக்கும் தெர்மோகப்பிள் வைத்துக்கொள். வார்ப்புக்கூடத்தில் ஈரமான ஸ்கிராப்பை உருகிய உலோகத்தில் போட யாரையும் விடாதே. நீர் உள்ளே சிக்கினால் ஃபர்னஸே வெடித்துச் சிதறும். மழைக்காலத்தில் ஸ்கிராப்பை முன்கூட்டியே சூடாக்கிக் காய வைத்த பிறகுதான் போட வேண்டும், எவ்வளவு அவசரமானாலும்.

வில்லையின் படம், சார்ட், ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட் மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.

அன்புடன்,
அம்மா