கிரெகோரியா தே ஹெசூஸ் அம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கிரெகோரியா அம்மாவுக்கு,

வணக்கம். பிலிப்பைன்ஸ் விடுதலைப் போரைப் பற்றி எதை எடுத்துப் படித்தாலும் முதலில் எழுத்தாளர் ரிசால் வருகிறார், அடுத்து புரட்சிச் சங்கத்தைக் கட்டிய போனிபாசியோ, அப்புறம் புரட்சித் தலைவர் அகினால்டோ. உங்கள் பெயர் வந்தால், போனிபாசியோவின் மனைவி என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்பெயின் உங்கள் தீவுகளை முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது. ஊருக்கு ஊர் ஸ்பானியப் பாதிரியார் வைத்ததே சட்டம். ஆண்டுக்கு 40 நாள் கட்டாய வேலை. 1884இல்தான் அதை 15 நாளாகக் குறைத்தார்கள். 1872இல் உள்ளூர்ப் பாதிரியார்கள் மூன்று பேரைப் பொது இடத்தில் வைத்துக் கொன்றார்கள். 1892 ஜூலையில் ரிசாலைத் தெற்கே தொலைவில் இருக்கும் டாபிடான் ஊருக்குக் கடத்தும் செய்தி வந்த கையோடு, மணிலாவின் தொண்டோ பகுதியில் கத்திபுனான் என்ற ரகசியச் சங்கம் பிறந்தது. இதெல்லாம் எல்லாரும் எழுதுவதுதான். ஆனால் ரகசியச் சங்கம் என்றால் உறுப்பினர் பட்டியல் இருக்கும், முத்திரை இருக்கும், ஆயுதம் இருக்கும். இவற்றில் ஒரு காகிதம் சிக்கினாலும் எத்தனை பேர் தலை போகும்! அத்தனையும் இருந்தது உங்கள் பொறுப்பில். அப்போது உங்களுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை.

போலீஸ் சோதனைக்கு வருகிறது என்று தகவல் வந்ததும் நீங்கள் செய்ததை உங்கள் வாழ்க்கைக் குறிப்புகளில் படித்தேன். காகிதங்கள், ஆயுதங்கள், முத்திரை எல்லாவற்றையும் வாரி எடுத்துக்கொண்டு ஒரு குதிரை வண்டியைப் பிடிப்பீர்கள். பெரும்பாலும் அது மதியச் சாப்பாட்டு நேரமாகவோ இரவு எட்டு மணியாகவோ இருக்கும். ஒரு வாய் சாப்பிடாமல், தொண்டோ கடற்கரையோரமும் பினோண்டோ தெருக்களிலும் நள்ளிரவு வரை சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். உதவி கேட்டுப் போன இடத்தில் சில நண்பர்களே உங்களைத் திருப்பி அனுப்பியதுதான் வேதனை என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டத்தில் நின்று முழங்குவதற்கும் தைரியம் வேண்டும், சரி. ஆனால் பிடிபட்டால் சாவு என்று தெரிந்தும் மடியில் பட்டியலை வைத்துக்கொண்டு தெருத் தெருவாக வண்டியில் போகிற தைரியத்தை நான் அதற்கும் மேலாகவே வைப்பேன்.

இதற்கு நடுவில்தான் அப்போது உங்களுக்கு இருந்த ஒரே மகன், கைக்குழந்தை, அம்மையில் போனான். அதைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. நானும் அதற்கு மேல் கேட்கமாட்டேன்.

1896 ஆகஸ்டில் சங்கம் காட்டிக்கொடுக்கப்பட்டது. ஆண்கள் ஸ்பெயின் அரசு கொடுத்த வரிச் சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டுப் போருக்குக் கிளம்பினார்கள். மணிலாவுக்குப் பக்கத்தில் கலோகானில் இருந்த நீங்கள் வயல்வெளியில் தப்பி ஓடினீர்கள். ஒதுங்க இடம் கேட்ட வீடுகளில் எல்லாம், பேயைக் கண்டதுபோல் பயந்து விரட்டினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. உங்களுக்கு இடம் கொடுத்தவர்களைப் பிடித்துப்போய் வதைத்தார்கள். பிறகு குதிரை ஏறப் பழகினீர்கள், துப்பாக்கி சுடப் பழகினீர்கள், வெறுந்தரையில் தூங்கினீர்கள். சேற்றுக் குழியில் தேங்கிய தண்ணீரையும் காட்டுக்கொடியின் சாற்றையும் குடித்தீர்கள். சாறு கசப்புதான், தாகத்தில் அது ருசித்தது என்று எழுதியிருக்கிறீர்கள்.

இனிமேல் எழுதுவது கடினம். உங்கள் கணவரைக் கொன்றது ஸ்பெயின் இல்லை. 1897 மார்ச்சில் தெஹெரோஸில் கூடிய புரட்சிக்காரர்கள் அகினால்டோவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். போனிபாசியோவுக்கு உள்துறை கிடைத்தது. அதற்கும் வழக்கறிஞர் ஒருவர்தான் வேண்டும் என்று ஒருவர் எழுந்து சொன்னார். கிடங்கில் வேலை பார்த்து, சொந்த முயற்சியில் படித்து, சங்கத்தையே கட்டி எழுப்பியவருக்குப் படிப்புப் போதாதாம்! அங்கே தொடங்கிய பகை கைது, விசாரணை, மரண தண்டனை என்று போய், மே 10ஆம் தேதி மரகொண்டோன் மலையில் முடிந்தது. முந்தின நாள்தான் உங்களுக்கு 22 வயது நிறைந்திருந்தது. ஒரு மாதம் மலை மலையாக அலைந்தும் உடல் கிடைக்கவில்லை.

எதிரி வாசலில் நிற்கும்போது சொந்தத் தோழனைச் சுட்டுத்தள்ளிய அந்த முடிவை எந்தப் போர்க்காலக் கட்டாயமும் நியாயப்படுத்தாது என்று நான் நினைக்கிறேன். ஒற்றுமைக்காக என்றார்கள். 1898 ஜூனில் விடுதலையை அறிவித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பாரிஸில், அமெரிக்காவுடன் நடந்த போரில் தோற்ற ஸ்பெயின் இரண்டு கோடி டாலருக்கு உங்கள் நாட்டை அமெரிக்காவிடம் கைமாற்றிவிட்டது. உங்கள் ஆட்களை யாரும் கேட்கவே இல்லை.

நீங்கள் பிறகு இசையமைப்பாளர் ஹூலியோ நாக்பிலை மணந்து, மணிலாவின் குவியாப்போ வீட்டில் பிள்ளைகளை வளர்த்தீர்கள். இளைஞர்களுக்கு எழுதிய அறிவுரையில், வரலாற்றுக்கு அஞ்சுங்கள், அதனிடம் எந்த ரகசியமும் மறையாது என்றீர்கள். 1943இல், ஜப்பானிய ஆட்சியின்போது, நீங்கள் காலமானீர்கள்.

1948இல் அகினால்டோ வாய் திறந்தார். போனிபாசியோவுக்கும் அவருடைய சகோதரருக்கும் விதித்த மரண தண்டனையைத் தான் நாடுகடத்தலாக மாற்றியதையும், தளபதிகள் இருவர் வற்புறுத்தியதால் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றதையும் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டார். ஆறு ஆண்டு முன்னால் சொல்லியிருந்தால் உங்கள் காதில் விழுந்திருக்கும், அம்மா. அந்த ஆதங்கம்தான் எனக்கு.

மிகுந்த மரியாதையுடன்,
உங்கள் குறிப்புகளின் வாசகி