எலியில் நடந்ததை எலியில் நடந்ததாகவே எழுதுங்கள்

அறிவியல் செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கெட்ட கொழுப்பை, அதாவது ஆற்றலைச் சேமிக்கும் வெள்ளைக் கொழுப்பை, நல்ல கொழுப்பாக, அதாவது ஆற்றலை எரித்து வெப்பமாக்கும் பழுப்புக் கொழுப்பாக, மாற்றும் சுவிட்ச் கிடைத்துவிட்டதாகப் போன வாரம் மறுபடியும் ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். எலியில் நடந்த ஆய்வு என்பது கடைசிப் பத்தியில்தான் இருந்தது. தயவுசெய்து அதைத் தலைப்பிலேயே சொல்லுங்கள்.

ஆய்வின் மேல் எனக்குக் குறை இல்லை. குளிர் பட்டதும் நரம்பு முனைகள் நார்அட்ரினலின் என்ற சமிக்ஞைப் பொருளை விடுகின்றன. அது கொழுப்புச் செல்லின் மேல் சமிக்ஞையை வாங்கும் பீட்டா-3 ஏற்பியில் போய்ச் சேர்ந்ததும் உள்ளே செய்தியைக் கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு பெருகுகிறது, புரத கைனேஸ் ஏ என்ற நொதி முடுக்கம் பெறுகிறது, கடைசியில் யுசிபி1 என்ற புரதம் உருவாகிறது. செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் அது புரோட்டான்களைக் கசியவிடுவதால், செல் பயன்படுத்தும் எரிபொருளான ஏடிபி ஆகவேண்டிய ஆற்றல் வெப்பமாக வெளியேறுகிறது. ஆற்றலைச் சேமித்துவைக்கும் வெள்ளைக் கொழுப்புக்குள்ளேயே இப்படி எரிக்கும் செல்கள் உருவாவது எனக்கு இன்றும் வியப்புதான். வளர்ந்த மனிதர்களிடமும் பழுப்புக் கொழுப்பு இயங்குகிறது என்று 2009இல், திசுக்களின் இயக்கத்தைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் ஆய்வுகள் காட்டின. அதையும் மறுக்கவில்லை.

ஆனால் ஆய்வக எலிகள் பெரும்பாலும் 22 டிகிரி செல்சியஸ் அறையில் வளர்கின்றன. நமக்கு இதமான அந்த அறை எலிக்குக் குளிர். அதன் உடம்புக்கு 30 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். அதாவது, ஆய்வுக்கான மருந்தைக் கொடுக்கும் முன்பே, கொழுப்பைப் பழுப்பாக்கும் குளிரின் சமிக்ஞை அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் செய்தியில் இதைப் பற்றி ஒரு வரி உண்டா?

என் அக்காவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன. இந்தச் செய்திகளை நம்பி விடியற்காலையில் ஐஸ் தண்ணீரில் குளித்தார், கொழுப்பைப் பழுப்பாக்கும் என்று விற்ற மாத்திரையையும் வாங்கி விழுங்கினார். எடை குறையவில்லை. "எல்லாருக்கும் மாறுதாம், என் உடம்புதான் எதுக்கும் லாயக்கில்ல" என்று அழுதார். மாறியது எலிக்கு என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. அந்த அழுகைக்கு உங்கள் தலைப்பும் ஒரு காரணம் என்று கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

மனிதரில் பார்த்ததையும் முழுசாகச் சொல்லுங்கள். சிறுநீர்ப்பைக் கோளாறுக்குத் தரும், அதே பீட்டா-3 ஏற்பியைத் தூண்டும் மிராபெக்ரான் என்ற மருந்தை 2015இல் 12 ஆண்களுக்கு 200 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான மாத்திரை 50 மில்லிகிராம் வரைதான். பழுப்புக் கொழுப்பு தூண்டப்பட்டது, கூடவே இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறின. அக்கா போன்றவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தப் பின்பாதியைத்தான்.

அப்புறம், வெள்ளைக் கொழுப்பை ஏன் கெட்டது என்கிறீர்கள்? பிறவியிலேயே கொழுப்புத் திசு ஏறக்குறைய இல்லாதவர்களுக்கும் கடுமையான சர்க்கரை நோய் வருகிறது. புற்றுநோயில் உடல் உருகும்போது வெள்ளைக் கொழுப்பு பழுப்பாக மாறும் இதே பழுப்பாக்கம் அந்த உருக்கத்துக்குத் துணைபோவதை எலி ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. உங்கள் தலைப்புகளில் இதற்கெல்லாம் இடமே கிடைப்பதில்லை.

மன்னிக்கவும், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். எந்த உயிரில், எந்த வெப்பநிலையில், எவ்வளவு மருந்தில் பார்த்தது என்பதைத் தலைப்பிலும் முதல் பத்தியிலும் எழுதுங்கள். போன வாரச் செய்தியையும் அப்படியே திருத்தி வெளியிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்