டபுள்ஸ் பூரி அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் கரீபியத் தீவான டிரினிடாடின் 'டபுள்ஸ்' செய்முறை வெளியாகியிருந்ததைக் கண்டு எனக்கு உண்டான மகிழ்ச்சி, அதன் இரண்டாவது பத்தியைத் தாண்டுவதற்குள் குறைந்துவிட்டது. மைதாவைப் பூரிமாவு போலக் கெட்டியாகப் பிசைந்து, குழவியால் தேய்த்து, பொன்னிறமாக, மொறுமொறுவென்று பொரித்தெடுக்குமாறு அதில் எழுதப்பட்டிருந்தது. பணி நிமித்தமாக ஆறு ஆண்டுகள் அத்தீவில் வாழ்ந்து, பெரும்பாலான காலைகளில் தெருமுனையில் நின்று அதையே உண்டுவிட்டு அலுவலகம் சென்றவன் நான். அந்தச் செய்முறையின்படி செய்தால் கிடைப்பது டபுள்ஸ் ஆகாது என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

டபுள்ஸ் என்பது 'பரா' எனப்படும் மெத்தென்ற இரண்டு வட்டங்களும், அவற்றின்மேல் இடப்படும் கொண்டைக்கடலைக் குழம்பும் சேர்ந்தது. 1845ஆம் ஆண்டு மே 30 அன்று 'ஃபதல் ரசாக்' என்ற கப்பல் டிரினிடாடை அடைந்தது முதல், 1917இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வரும்வரை, கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக 1,40,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்களும் உண்டு. எனினும் மிகப் பெரும்பாலோர் கல்கத்தாவில் ஏறிய வட இந்தியர்கள் என்பதால் உணவின் பெயர்களில் போஜ்புரியின் சாயலே தங்கிவிட்டது. 'பரா' என்பதும் அவ்வாறு வந்ததே. நம் வடையும் அதுவும் ஒரே சொல்லின் இரு உருவங்கள். போஜ்புரி நாட்டில் உளுந்தை அரைத்துச் செய்யப்பட்டது, தீவின் தெருக்கடையில் மைதாவுக்கு மாறியது.

பெயர்க் காரணத்தையும் தங்கள் கட்டுரை தவறாகவே சொல்கிறது. இரட்டைப் பங்காகப் பரிமாறுவதால் அப்பெயர் வரவில்லை. 1930களில் பிரின்சஸ் டவுன் என்ற ஊரில் எமமூல் தீன் என்பவர் ஒற்றைப் பராவின்மேல் கடலை வைத்து விற்றுவந்ததாகவும், வாடிக்கையாளர்கள் பராவை இரட்டிப்பாக்கித் தருமாறு கேட்கத் தொடங்கியதில் அப்பெயர் நிலைத்ததாகவும் அங்கே சொல்வார்கள். ஒன்றை வாங்கினாலும் அதற்குப் பெயர் 'ஒரு டபுள்ஸ்' தான்.

இனி மாவுக்கு வருகிறேன். செய்முறையின் முதன்மையான பிழை இங்கேதான் இருக்கிறது. 250 கிராம் மைதாவுக்கு ஒரு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், அதே அளவு வறுத்துப் பொடித்த சீரகம், சிறிது சர்க்கரை, தேவையான உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, வெதுவெதுப்பான நீர் ஏறத்தாழ 190 மில்லி ஊற்றித் தளரப் பிசைய வேண்டும். மாவு கையில் ஒட்டும், ஒட்டத்தான் வேண்டும். அதைக் கண்டு இன்னொரு பிடி மைதாவைச் சேர்க்கத் தோன்றும் (என் வீட்டிலும் முதன்முறை அதுதான் நடந்தது, விளைவு தட்டை போலிருந்தது). அந்த ஆசையை அடக்கிக்கொண்டு கையில் எண்ணெய் தடவிக்கொள்வதே வழி. மூடி வைத்தால் நம் ஊர் வெக்கையில் ஒரு மணி நேரத்திற்குள் மாவு இருமடங்காக உப்பிவிடும். பின்னர் பதினாறு சிறு உருண்டைகளாகப் பிடித்து மேலும் பத்து நிமிடம் விட்டுவைத்து, எண்ணெய் தடவிய வாழையிலையில் போளி தட்டுவது போல விரல்களாலேயே உள்ளங்கை அகலத்திற்கு மெல்லியதாகத் தட்ட வேண்டும். இந்த மாவின்மேல் குழவியை உருட்டினால் அதோடு ஒட்டிக்கொண்டு வரும்.

எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பரா உள்ளே விழுந்ததும் உப்பி மேலெழும். ஒரு பக்கத்திற்குப் பத்துப் பதினைந்து வினாடிகளுக்கு மேல் தேவையில்லை. பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும், ஏனெனில் அதன் மஞ்சள் நிறம் மஞ்சள்தூளால் வருவதே அன்றிப் பொரிவதால் வருவதன்று. எடுத்தவற்றை உடனே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, துணி விரித்த ஹாட் பாக்ஸில் மூடிவிட வேண்டும். தம் ஆவியிலேயே அவை வியர்த்துத் துவண்டு, மடித்தால் கிழியாத பதத்தை அடைவது அப்போதுதான். டிரினிடாட் விற்பனையாளர்களும் துணி விரித்த பெட்டிகளுக்குள்தான் அவற்றை அடுக்கி வைத்திருப்பார்கள்.

குழம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரவு ஊறிய வெள்ளைக் கொண்டைக்கடலையைக் குழைய வேகவைத்து, பாதியை மசித்து, கறித்தூளும் சீரகமும் பூண்டும் சேர்த்துச் சற்று நீர்க்கக் கொதிக்கவிட்டால் போதும். தக்காளியும் கரம் மசாலாவும் சேர்ப்பது சோலே பட்டூராவின் வழக்கம். மேலே புளிச் சட்னி, துருவிய வெள்ளரிக்காய், மிளகாய்ச் சாறு ஆகியவை வரும். காரம் சிறிதே வேண்டுவோர் 'ஸ்லைட் பெப்பர்' என்று சொல்லி வாங்குவார்கள். காரத்திற்குப் பழகிய நாக்கு என்ற இறுமாப்பில் முதல் நாள் நான் அப்படிச் சொல்லாமல் விட்டு, கண்ணீரோடு வேலைக்குப் போனேன். 'ஷேடோ பெனி' என்ற நீண்ட இலைக்கு மட்டும் இங்கே மாற்றுத் தேட வேண்டியிருக்கிறது. கொத்தமல்லியின் மணமே அதற்கும், ஆனால் பன்மடங்கு வீரியம் கொண்டது. ஆகவே கொத்தமல்லியைத் தாராளமாகவே சேர்க்கலாம்.

மாவின் அளவையும் பொரிக்கும் நேரத்தையும் மட்டுமாவது திருத்தி, வரும் ஞாயிறு இணைப்பிதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மேற்கண்ட அளவில் எட்டு டபுள்ஸ் கிடைக்கும். நான்கு பேர் கொண்ட வீட்டிற்கு ஒருவேளைக்குச் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி