தண்ணீரைக் குறைக்காதே

அன்புள்ள குமரனுக்கு,

அப்பா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். போனில் பேசினால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

வெறும் வயிற்றில் சர்க்கரை 240 என்பது மோசம் என்று உனக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் ஸ்கேனில் இரண்டு கிட்னியும் சற்றுப் பெரிதாக இருப்பதையும் ஜி.எஃப்.ஆர்., அதாவது கிட்னி வடிகட்டும் வேகம், 131 என்பதையும் பார்த்துவிட்டு, ‘கிட்னி சூப்பரா வேலை செய்யுதுப்பா’ என்று எழுதியிருக்கிறாய். லேபிலேயே காலம் தள்ளியவன் சொல்கிறேன், அந்த 131 எனக்குப் பிடிக்கவில்லை.

ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180ஐத் தாண்டினால் மிச்சம் மூத்திரத்தில் இறங்கும். இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். நீ ராத்திரியில் எழுந்து எழுந்து போவது இதனால்தான்.

கிட்னி ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது. வெளியே வருவது ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். மற்றதை உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. சர்க்கரை அதிகமாக வந்தால் அவை இன்னும் மும்முரமாக உறிஞ்சும். மூட்டை தூக்குகிறவனுக்குத் தோள் புடைப்பதுபோல அந்தக் குழாய்கள் பருத்து நீள்கின்றன. கிட்னி பெரிதாவதில் பெரும்பங்கு இதுதான். சர்க்கரையோடு உப்பும் சேர்ந்து உறிஞ்சப்படுவதால், குழாயின் பின்பகுதிக்குப் போய்ச்சேரும் உப்பு குறைகிறது. அங்கே உப்பை அளக்கிற செல்கள், ‘வடிகட்டியது போதவில்லை’ என்று எடுத்துக்கொண்டு, ரத்தம் உள்ளே வரும் நாளத்தை அகலப்படுத்திவிடுகின்றன. உள்ளே அழுத்தம் ஏறுகிறது, வடிகட்டும் வேகமும் ஏறுகிறது. உன்னுடைய 131 இந்த வழியில் வந்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. இப்படியே சில வருஷம் ஓடினால் சல்லடை பழுதாகி ஆல்புமின் என்கிற ரத்தப் புரதம் மூத்திரத்தில் கசியும். அதற்கப்புறம் அந்த நம்பர் இறங்க ஆரம்பிக்கும்.

அடிக்கடி எழுந்து போக ஆபீசில் கூச்சமாக இருக்கிறது, மூத்திரம் நிறையப் போனால் கிட்னியும் கெடும், அதனால் தண்ணீரைக் குறைத்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அதை இன்றைக்கே நிறுத்து. உடம்பில் நீர் குறைந்தால் மூளையிலிருந்து வாசோபிரசின் என்கிற ஹார்மோன் சுரந்து, நீரைச் சேமிக்கும்படி கிட்னியை நெருக்கும். சர்க்கரை நோயில் அது ஏற்கெனவே கூடுதலாகத்தான் இருக்கும். அந்த ஹார்மோனே இல்லாத எலி வகை ஒன்று உண்டு, பிராட்டில்போரோ எலி என்பார்கள். ஓயாமல் மூத்திரம் போகும். பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் அவற்றுக்குச் சர்க்கரை நோயை வரவழைத்துப் பார்த்து 1999இல் எழுதினார்கள். சாதாரண எலிகளுக்கு வடிகட்டும் வேகம் கூடியது, ஆல்புமினும் கசிந்தது. பிராட்டில்போரோ எலிகளுக்கு வேகம் கூடவில்லை, கிட்னி பெருத்ததும் குறைவு. எலியும் மனிதனும் ஒன்றல்ல, சரி. ஆனாலும் மூத்திரம் நிறையப் போவதே கிட்னியைக் கெடுக்கிறது என்று நீ நினைப்பது தவறு என்பதற்கு இது போதும்.

இன்னொரு வேடிக்கை கேள். டாபாக்லிஃப்ளோசின் என்று ஒரு மாத்திரை, சர்க்கரையை மூத்திரத்திலேயே வெளியேற்றும். மூத்திரமும் கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனாலும் கிட்னி கெட்டுப்போகிற வேகத்தை அது குறைக்கிறது என்று 2020இல் வந்த பெரிய பரிசோதனை காட்டியது. குழாய்க்குச் சுமை குறைகிறது, உப்பு பின்பகுதி வரை போகிறது, நாளம் பழையபடி சுருங்குகிறது. ஆரம்பத்தில் ஜி.எஃப்.ஆர். சற்று இறங்கும், பயப்படவேண்டியதில்லை. உனக்கு அது தேவையா என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும், கடையில் போய் நீயாக வாங்கிவிடாதே.

சர்க்கரையை இப்போதே கட்டுக்குள் கொண்டுவந்தால் அந்த வேகம் தணியும், பெருத்ததும் ஓரளவு குறையலாம். தாகம் எடுத்தால் தண்ணீரே குடி, ஜூஸும் கூல் டிரிங்க்ஸும் வேண்டாம். முதுகுவலிக்கு நீயாகப் போட்டுக்கொள்ளும் மாத்திரையை விட்டுவிடு, அதுவும் கிட்னிக்கு ஆகாது.

உன் ரிப்போர்ட்டில் மூத்திர ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் இல்லை. காலை முதல் மூத்திரத்தைக் கொடுத்து அதைப் பார்க்கச் சொல். 30க்குக் கீழே இருக்கவேண்டும். ஜுரம் இருந்தாலோ முந்தின நாள் ஜிம்மில் மாய்ந்திருந்தாலோ அன்றைக்குக் கொடுக்காதே, தப்பாகக் கூட்டிக் காட்டும். ரிசல்ட் வந்ததும் முழுப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, உன் விமர்சனம் வேண்டாம்.

இப்படிக்கு,
அப்பா