ஸ்வீட் பீ கொடிகளுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

எங்கள் தில்லிக் குடியிருப்பின் அன்பர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் வெயில் ஏறியதும் ஸ்வீட் பீ என்ற மணப்பூக் கொடிகள் காய்ந்து சுருண்டுவிட்டன. பிப்ரவரி தொடங்கி மாடிப்படிவரை மணந்ததற்கு என்னைப் பாராட்டினீர்கள். பாராட்டுக்கு உரியவர்கள் வேறு.

முதலில் நம் தோட்டக்காரர் மாலி அண்ணன். விதையை இரவு முழுதும் ஊறவைத்து, ஊறாமல் கல்லாய்க் கிடந்தவற்றின் தோலை மட்டும் நகவெட்டியால் கீறச் சொன்னவர் அவர். தசரா முடிந்த கையோடு விதைத்தோம். வேர் ஆழம் தேடும் என்று குழியை ஆழமாகத் தோண்டி, மட்கிய சாண எருவை இட்டார். நாற்று நாலைந்து இலை விட்டதும் நுனியைக் கிள்ளி எறிந்தார். எனக்கு வயிறு எரிந்தது; பக்கக் கிளைகள் புறப்பட்ட பிறகே ஆறியது.

எதிர்வீட்டு ஆன்ட்டி கடுகுப் பிண்ணாக்கை வாளியில் ஊறவைத்து, தெளிவில் நிறையத் தண்ணீர் கலந்து ஊற்றக் கற்றுக்கொடுத்தார். அந்த வாளியின் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்ட முதல் மாடிக்காரர்களுக்குத் தனி நன்றி.

நான் கேட்டது பெரிய பூ வகை. அலுவலக நண்பர் வாங்கிவந்ததோ ‘குபானி’. 1699இல் இங்கிலாந்துக்கு விதை அனுப்பிய சிசிலித் துறவியின் பெயர் அது. கருஞ்சிவப்பும் ஊதாவுமாகச் சின்னப் பூ, மணமோ வீடு கொள்ளாது. கண்காட்சிக்கென்று பெரிதாக்கிய பல வகைகளில் மணம் குறைந்துபோயிருக்கிறது. இனி எனக்குப் பெரிய பூ வேண்டாம். ஸ்டாக், அலிசம் என்ற மணப்பூச் செடிகளின் நாற்றுகள் தந்த நர்சரிக்காரருக்கும் நன்றி.

காய் பிடிக்க விட்டால் கொடி பூப்பதைக் குறைத்துவிடும். ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். பறித்ததை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே! தம்ளரும் ஊறுகாய்ப் பாட்டிலுமாக வந்து நின்ற குழந்தைகளே, கொடி மார்ச் முடியப் பூத்தது உங்களால்தான். மூன்றாம் மாடிப் பாட்டி, “தொடுப்பதற்குள் வாடுகிறதே, இதெல்லாம் ஒரு பூவா?” என்று முகம் சுளித்தார், மறுநாளும் ஆள் அனுப்பிக் கேட்டு வாங்கினார். அவருக்கும் நன்றி.

கடைசிக் காய்களை முற்றவிட்டு விதை எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் செப்டம்பருக்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பார்ப்பதற்குப் பட்டாணிபோல இருந்தாலும் நச்சு விதை அது. சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள், சிறு பிள்ளைகள் கையிலும் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
தரைத்தளத்து வீட்டுக்காரி