செப்டம்பருக்குள் இரண்டு பாடம்

அன்புள்ள கண்ணா,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். தமிழ்ப் பள்ளிக்குப் போய்ப் படித்த எழுத்து மறந்திருக்காது. மெதுவாக, இரண்டு தடவை படி.

நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் உன் இரண்டு பள்ளிக்கூடத்து டிரான்ஸ்கிரிப்டையும் விரித்துவைத்து, பென்சிலால் ஒவ்வொரு பாடமாக டிக் போட்டேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நீ காலேஜில் பாஸ்கெட்பால் ஆட, காலேஜ் விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. ஒத்துக்கொள்ளும் பாடங்களின் பட்டியலைப் பார்த்துப் பார்த்து வாசித்தார். கோர் கோர்ஸ், அதாவது அவர்கள் கணக்கில் எடுக்கும் முக்கியப் பாடம், பதினொன்று முடித்துவிட்டாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒன்பதுதான் இருக்கிறது. பழைய பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டரில் நீயே தட்டித் தட்டி ஆறே வாரத்தில் முடித்தாயே, அந்த இரண்டும் பட்டியலில் இல்லை. ஆசிரியர் ஒருவர் இருந்து, பாடம் நடத்தி, திருத்தித் தர வேண்டும் என்பது விதி. அங்கே யாரும் நமக்கு இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உன் மேல் தப்பில்லை, மனசை விட்டுவிடாதே.

இப்போது கணக்குக்கு வா. காலேஜ் ஆட்டத்தின் மேல் தட்டான டிவிஷன் ஒன்றில் முதல் வருஷமே ஆட 16 கோர் பாடம் வேண்டும், அவற்றில் 2.3 ஜி.பி.ஏ. (சராசரிப் புள்ளி) வேண்டும். அந்தப் பதினாறில் 10 பாடம் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் 7, ஆங்கிலம், கணக்கு, அறிவியலில் இருக்க வேண்டும். அந்த ஏழில் உனக்கு ஆறு இருக்கிறது. அல்ஜீப்ரா 2 முடித்தால் பத்தும் ஆகும், ஏழும் ஆகும்.

முக்கியமானது இனிமேல்தான். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிவிட்டால் அந்தப் பத்துக்கும் பூட்டு விழுந்துவிடும். திரும்ப எழுதி மார்க்கை ஏற்ற முடியாது. உன் ஒன்பதில் மூன்று பி, நாலு சி, இரண்டு டி. நீ சந்தோஷமாகச் சொன்ன பி பிளஸும் அவர்களுக்கு வெறும் பிதான். பிக்கு மூன்று, சிக்கு இரண்டு, டிக்கு ஒன்று என்று கூட்டினால் 19 புள்ளி, ஒன்பதால் வகுத்தால் 2.11 வருகிறது. அல்ஜீப்ராவில் சி வாங்கிப் பூட்டினால், கடைசி வருஷம் ஆறு பாடத்தில் நாலு பியாவது வேண்டும், மீதி இரண்டு சிக்குக் கீழே போகக் கூடாது. சீசன் நடுவே அது நடக்குமா? பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் வாங்கிய டியை இந்தக் கோடையிலேயே திரும்பப் படித்து பி ஆக்கி, அல்ஜீப்ராவிலும் பி வாங்கிவிட்டால், அப்புறம் ஒரு பியும் ஐந்து சியும் போதும். மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்.

2.3க்குக் கீழே, 2.0க்கு மேலே இருந்தால் ஸ்காலர்ஷிப் உண்டு, பயிற்சி உண்டு, ஆட்டம் கிடையாது. கான்சஸ் யூனிவர்சிட்டியில் ஆட வந்த பென் மெக்லெமோரை நினைத்துப் பார். 2011-12 சீசன் முழுக்க அவரால் ஆட முடியவில்லை. அந்த வருஷம்தான் அவருடைய அணி இறுதி ஆட்டம் வரை போய் கென்டக்கியிடம் தோற்றது. 2013இல் என்.பி.ஏ. அணிகள் ஆள் எடுத்த டிராஃப்டில் ஏழாவதாகப் போன பையன், அன்றைக்கு களத்தில் இல்லை. திறமையில் குறையா? தாளில் குறை. ஆட்டக்காரர்களைத் தரம் பிரிக்கிறவர்கள் உன் பேருக்குப் பக்கத்தில் நாலு நட்சத்திரம் போட்டிருப்பதைப் பார்த்துத்தான் கோச்சுகள் நம் வீட்டு சோபாவில் வந்து உட்கார்கிறார்கள். இண்டியானாபொலிஸில், என்.சி.ஏ.ஏ. ஆபீஸில், உன் தாளைப் பார்க்கிறவர்களுக்கு அந்த நட்சத்திரம் தெரியாது.

ஜூலையில் எல்லா டோர்னமென்ட்டுக்கும் போக வேண்டும் என்கிறாய். அதில் பெரிய டோர்னமென்ட்டான பீச் ஜாமுக்குப் போ, நானே டிக்கெட் எடுக்கிறேன். மற்ற இரண்டை விட்டுவிடு. உன்னை ஆசையோடு கேட்கிற கோச் அந்த இரண்டு வாரத்தில் மறந்துவிட மாட்டார். நீ வீட்டுக் கராஜில் ராத்திரி பத்து மணிக்குப் பந்து தட்டும் சத்தத்தில் தூங்கிப் பழகியவள் நான். அந்தப் பந்து உன் கையில் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாக உன் கவுன்சிலரைப் பார். கோடை வகுப்பு இரண்டும் அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறதா என்று பாடத்தின் பேரோடு எழுதி வாங்கு. வாய்வார்த்தை வேண்டாம். எழுதியதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

15 சைஸ் ஷூ வந்துவிட்டது. பருப்புப்பொடியும் சேர்த்து நாளைக்குப் பார்சல் போடுகிறேன்.

அன்புடன்,
அம்மா