வழங்கி நடத்துவோருக்கு: வாசலிலேயே சொல்லிவிடுங்கள்

தனித்தனியாக இயங்கினாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சமூக வலைத்தளங்களின் கூட்டமான ஃபெடிவர்ஸில் வழங்கிகளை (சர்வர்களை) நடத்திவரும் நிர்வாகிகளுக்கும், புகார்களைப் பார்த்துப் பதிவுகளை ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநர்களுக்கும் வணக்கம்.

ஃபெடிவர்ஸில் குறும்பதிவுகள் எழுத உதவும் மாஸ்டடானுக்கு நான் வந்து நான்கு மாதம் ஆகிறது. அதற்குள் இரண்டு வழங்கிகளில் குடியிருந்தாகிவிட்டது. முதலாவது இப்போது இல்லை, மூடிவிட்டார்கள். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதையே முதலில் சொன்னால், இங்கே எனக்குக் கிடைத்த நல்லதையெல்லாம் மறைத்ததாகிவிடும். அதனால் வந்த நாளிலிருந்தே தொடங்குகிறேன்.

பதினோரு வருடம் ஒரு பெரிய தளத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். யாரைப் பின்தொடர்ந்தேனோ அவர்களுடைய பதிவுகள் கண்ணில் படுவது அங்கே வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போனது. கேட்காதவர்களின் சண்டைகள் முன்னால் வந்து நின்றன. நெருங்கிய தோழி ஒருவரின் கணக்கை ஒருநாள் முடக்கினார்கள். காரணம் கேட்டு அவர் அனுப்பிய ஏழு மனுக்களுக்கும் ஒரே தானியங்கிப் பதில் வந்தது. யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாத இடத்தில் இவ்வளவு காலம் எழுதியிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கிளம்பிவிட்டேன்.

வந்ததும் முதல் கேள்வியே என்னைத் தடுத்தது: எந்த வழங்கி? ஒரு மணி நேரம் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தப்பானதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வேறு வழங்கியில் இருப்பவர்களோடு பேச முடியாதோ என்று பயம். மின்னஞ்சலைப் போலத்தான், எந்த நிறுவனத்தில் முகவரி வைத்திருந்தாலும் யாருக்கும் எழுதலாம் என்று ஒருவர் ஒரே வரியில் சொன்ன பிறகுதான் விளங்கியது. அப்புறம் தேடிப் படித்தேன். 2016இல் ஒய்கன் ரோச்கோ மாஸ்டடானை வெளியிட்டிருக்கிறார். அதற்கு முன்பே, 2008 முதலே இப்படிப்பட்ட முயற்சிகள் நடந்திருக்கின்றன. வழங்கிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் என்ற மொழியை 2018 ஜனவரியில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தரநிலையாக ஏற்றிருக்கிறது. அதாவது அது எந்த ஒரு கம்பெனியின் சொத்தும் இல்லை. படிக்கும்போது இதெல்லாம் வெறும் தகவலாகத்தான் இருந்தது. ஒருநாள் மாஸ்டடானிலிருந்தே வீடியோக்களுக்கான ஃபெடிவர்ஸ் தளமான பியர்ட்யூபில் ஒரு சானலைப் பின்தொடர்ந்தேன். அதன் வீடியோவுக்கு நான் எழுதிய பதில் அங்கே, வீடியோவுக்குக் கீழேயே போய் உட்கார்ந்திருந்தது. அங்கே எனக்குக் கணக்கே கிடையாது. நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

முதல் மூன்று நாள் டைம்லைன் கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். கோளாறு இல்லை, நான் யாரையும் பின்தொடரவில்லை, அவ்வளவுதான். எதையாவது கொண்டுவந்து திணிக்க இங்கே அல்காரிதம் இல்லை. ஹேஷ்டேக்குகளையும் பின்தொடரலாம் என்று தெரிந்ததும் நான்கைந்தைச் சேர்த்தேன். ஒரு வாரத்தில் மனிதர்கள் வந்துவிட்டார்கள். பதிவுகள் எழுதிய நேர வரிசையிலேயே வருகின்றன. நேற்று விட்ட இடம் வரைக்கும் படித்தால் முடிந்துவிடுகிறது. முடிந்துவிடுகிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்த அனுபவம். போனைக் கீழே வைக்க முடிந்தது.

இரண்டாவது வாரம் ஒரு படம் போட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் பதில் எழுதினார்: "எனக்குப் பார்வை இல்லை. படத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி சேர்க்க முடியுமா?" பதினோரு வருடத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் போட்டிருக்கிறேன். ஒன்றுக்குக்கூட விவரணை எழுதியதில்லை. அந்த வசதி அங்கேயும் இருந்தது. கேட்கும் ஆள்தான் இல்லை, அல்லது கேட்டவர் என் கண்ணில் பட விடப்படவில்லை. அன்றைக்குத் திரும்பப் போய்ப் படத்தைப் பார்த்து எழுதினேன். ஜன்னலோரம் பூனை, அதன் நிழல் சுவரில் அதைவிடப் பெரிதாக. அவர் நன்றி சொன்னார். எழுதும்போதுதான் அந்த நிழலையே கவனித்தேன் என்று அவரிடம் சொன்னேன். இந்தப் பழக்கத்தை இங்கே வளர்த்தவர்கள் நீங்களும் உங்கள் வழங்கிகளின் பழைய ஆட்களும். இதற்காக மட்டுமே உங்களுக்கு ஒரு மடல் எழுதலாம்.

சரி, குழம்பிய இடங்களுக்கு வருகிறேன்.

ஒருவர் கேட்ட கேள்விக்குக் கீழே இரண்டே பதில்கள் தெரிந்தன. பாவம் என்று நானும் ஒன்று எழுதினேன். அவருடைய வழங்கியிலேயே போய்ப் பார்த்தால் ஒன்பது பேர் அதையே சொல்லியிருந்தார்கள். என் வழங்கிக்குத் தொடர்பு உள்ளவர்களின் பதில்கள் மட்டுமே இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. இது தெரியாத முதல் மாதத்தில், யாரோ என்னை வேண்டுமென்றே ஒதுக்குகிறார்கள் என்றுகூட நினைத்தேன். விட்டுப்போன பதில்களைத் தேடிக் கொண்டுவரும் வசதி மாஸ்டடானின் புதிய பதிப்பில் வந்திருக்கிறது, நல்லது. ஆனால் எல்லா வழங்கிகளும் ஒரே பதிப்பில் ஓடுவதில்லையே.

இன்னொன்று கொஞ்சம் வலித்தது. நண்பருக்குத் தனிச்செய்தி எழுதும்போது மூன்றாவது ஆள் ஒருவரின் முகவரியை @ குறியோடு சேர்த்துவிட்டேன். யாரைப் பற்றிப் பேசினேனோ அவருக்கே அது போய்ச் சேர்ந்தது. கெட்டதாக எதுவும் எழுதவில்லை, ஆனாலும் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. இங்கே தனிச்செய்தி என்பது, பெயர் குறிப்பிட்டவர்கள் மட்டும் பார்க்கிற ஒரு பதிவு, அவ்வளவுதான். அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற மாதிரி அது முழுமறையாக்கம் செய்யப்பட்டதும் அல்ல. இரு பக்க வழங்கிகளின் நிர்வாகிகளும் நினைத்தால் படிக்க முடியும். நீங்கள் படிப்பீர்கள் என்று சொல்லவில்லை. முடியும் என்பதைக் கணக்குத் திறக்கும் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் சொல்லலாம் என்கிறேன்.

இப்போது அந்த மூடல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அறிவிப்பு வந்தது. இன்னும் பன்னிரண்டு நாளில் வழங்கி நிறுத்தப்படும். நடத்தியவர் ஒரே ஆள். வேலை முடிந்து வந்து இரவில் புகார்களைப் பார்ப்பாராம். பிற வழங்கிகளிலிருந்து வந்து குவியும் படங்களால் வட்டு நிறைந்துகொண்டே இருந்ததாம். புகார்களோடு வந்த சில படங்களைப் பார்த்த பிறகு தன்னால் தொடர முடியவில்லை என்று எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் டைம்லைன் சுத்தமாக இருந்ததே, அதற்காக ஒரு மனிதர் எதையெல்லாம் பார்த்திருக்கிறார் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. அவருக்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

புதிய வழங்கிக்கு மாறினேன். என்னைப் பின்தொடர்ந்தவர்களில் பெரும்பாலோர் தானாகவே கூட வந்துவிட்டார்கள், அது உண்மையிலேயே அருமையான ஏற்பாடு. நான் பின்தொடர்பவர்களின் பட்டியலையும் தடைப் பட்டியலையும் கோப்பாக இறக்கி ஏற்றிக்கொண்டேன். பதிவுகள் மட்டும் வரவில்லை. வராது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பக்கவாதம் வந்த என் அம்மாவைப் பார்த்துக்கொண்ட நாட்களைப் பற்றி அங்கே மூன்று வாரம் தொடராக எழுதியிருந்தேன். அதே நிலையில் இருந்தவர்கள் பல வழங்கிகளிலிருந்து வந்து எழுதினார்கள். படுக்கைப்புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, பேச்சு திரும்பும்போது எப்படிப் பொறுமையாகக் காத்திருப்பது என்று. நாற்பதுக்கு மேற்பட்ட பதில்கள். மூடுவதற்கு முன் என் காப்பகத்தை இறக்கிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அதில் நான் பேசியது மட்டும் இருக்கிறது. அவர்களுடைய பதில்கள் அவரவர் வழங்கிகளில் எங்கோ சிதறிக் கிடக்கின்றன. கேள்வி போய்விட்டது, பதில் மட்டும் நிற்கிறது. முன்பே தெரிந்திருந்தால் ஒவ்வொன்றையும் எடுத்து வைத்திருப்பேன்.

இதற்குக் காரணம் நீங்கள் அல்ல என்று தெரியும். ஒவ்வொரு பதிவின் முகவரியிலும் வழங்கியின் பெயர் கலந்திருக்கிறது. பெயர் போனால் முகவரியும் போகும். ப்ளூஸ்கை என்ற இன்னொரு சமூக வலைத்தளத்தின் அடிப்படையான ஏடி புரோட்டோகால், பயனரின் அடையாளத்தை வழங்கியிலிருந்து பிரித்து வைக்கிறது, பதிவுகளையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்கிறார்கள். ஆனால் அங்கே பெரும்பாலோரின் கணக்குகள் இன்னும் ஒரே கம்பெனியின் வழங்கிகளில்தான் இருக்கின்றன. அதனால் நான் இங்கேயே இருக்கிறேன். மென்பொருள் எழுதுவோர் இந்தக் குறையை என்றாவது தீர்ப்பார்கள் என்று நம்புகிறேன். அதுவரை உங்களால் முடிகிற ஒன்று இருக்கிறது: வாசலிலேயே சொல்லிவிடுவது.

பிறகுதான் தெரிந்தது, மாஸ்டடானின் அதிகாரபூர்வத் தளத்தில் பட்டியலிடப்படும் வழங்கிகளுக்கு 2019 முதலே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. தினமும் காப்பு நகல் எடுக்க வேண்டும், அவசரத்துக்கு உள்ளே நுழைய இன்னொருவருக்காவது அனுமதி இருக்க வேண்டும், மூடுவதென்றால் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும், வெறுப்புப் பேச்சைத் தீவிரமாக மட்டுறுத்த வேண்டும். எவ்வளவு நிதானமான விதிகள்! என் முதல் வழங்கி அந்தப் பட்டியலில் இல்லை. நண்பர் சொன்னார் என்று சேர்ந்தேன். அப்படி ஓர் ஒப்பந்தம் உண்டு என்பதே தெரியாமல், அதில் சேர்ந்திருக்கிறார்களா என்று எப்படிக் கேட்டிருப்பேன்?

பெரிய இடம் என்றால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. மொசில்லா நடத்திய வழங்கியே 2024 டிசம்பரில் மூடப்பட்டது. ஆனால் செப்டம்பரிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த மூன்று மாத இடைவெளியைத்தான் கேட்கிறேன். ஆப்கானிஸ்தானின் .ஏஎஃப் முகவரியில் இயங்கிய ஒரு வழங்கி 2024 பிப்ரவரியில் தன் பெயரையே இழந்தது, தலிபான் அரசு அதை முடக்கியதால். எந்த நாட்டுப் பெயரின் கீழ் இருக்கிறோம் என்பதுகூடப் புதிதாக வருகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். உங்கள் 'பற்றி' பக்கத்தில் விதிகளை நன்றாக எழுதியிருக்கிறீர்கள். தடைசெய்த வழங்கிகளின் பட்டியலைக்கூடப் பலர் வெளிப்படையாக வைத்திருக்கிறீர்கள். அதே பக்கத்தில் இதையும் எழுதுங்கள்: வழங்கிக்குள் நுழையும் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது, செலவுக்கு எங்கிருந்து வருகிறது, கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும், மூடினால் எத்தனை நாள் அவகாசம், மாறிப் போகும்போது எது கூட வரும், எது வராது. ஒரு பத்தி போதும். சட்ட மொழி வேண்டாம், நீங்கள் பேசுவது போலவே இருக்கட்டும்.

களைத்துப் போகிறபோதும் சொல்லுங்கள். மூடும் அறிவிப்பில் சொல்லாதீர்கள், அதற்கு வெகு முன்பே சொல்லுங்கள். புகார்களைப் பார்க்க வாரம் இரண்டு மணி நேரம் ஆள் வேண்டும் என்று என் பழைய நிர்வாகி ஒருமுறை கேட்டிருந்தால், நான் வந்திருப்பேன். என்னைப் போல இன்னும் பத்துப் பேர் வந்திருப்பார்கள். பணமும் அப்படித்தான். நன்கொடைச் சுட்டி ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருந்தது. அதை நான் பார்த்ததே மூடும் அறிவிப்பு வந்த அன்றுதான். கேட்கக் கூச்சப்படாதீர்கள். பழைய தளத்தில் என் கவனத்தை விற்றுத்தான் கணக்குத் தீர்த்தார்கள். இங்கே கையிலிருந்து கொடுக்க எனக்குச் சம்மதம். யாருக்கு, எதற்கு என்று தெரிந்து கொடுப்பது எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

இப்போது இருக்கும் வழங்கியில் சேர்ந்த அன்று மாலையே நிர்வாகிக்கு எழுதி மூன்று கேள்வி கேட்டேன். இரவுக்குள் பதில் வந்தது, ஒரு மனிதரிடமிருந்து. சாவி இரண்டு பேரிடம் இருக்கிறதாம். ஐந்து மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறதாம். மூடினால் எவ்வளவு அவகாசம் என்ற கேள்விக்கு மட்டும், "இதுவரை யோசித்ததில்லை, யோசித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தார். எட்டு நாள் கழித்து 'பற்றி' பக்கத்தில் ஒரு புதிய பத்தி இருந்தது. மூன்று மாதம் என்று போட்டிருந்தார்.

அன்று இரவே அம்மாவைப் பற்றிய தொடரை அங்கே மறுபடி எழுதத் தொடங்கினேன். பழைய பதில்களை எழுதியவர்களில் நான்கு பேர் இதுவரை திரும்ப வந்திருக்கிறார்கள்.

அன்புடன்,
நான்கு மாதமாக உங்களோடு இருக்கும் ஒரு பயனர்